பால் காய்ச்சிய தேதி

உலகம் தன் வேலைகளைச் சற்று நிறுத்திவைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. போர்களும் பங்குச் சந்தையும் வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு நிலையும் தயவுசெய்து வரிசையில் பின்னால் நிற்கட்டும். புதுக்கோட்டை மாவட்டம், திருமயத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் மேலஊருணிப்பட்டியில் வாடகை ஓட்டு வீட்டில் குடியிருந்தவளும், இரண்டு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவளும், அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைப் பதினேழு ஆண்டுகளாகப் பெற்றுவருபவளுமான செவந்தி, வயது நாற்பத்திரண்டு, வீடு மாறிவிட்டாள்.

மாறியதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. மாறிய விஷயத்தைத் தானாகப் போய் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டாள்.

வீடு மாறியதற்கு அவள் காரணமில்லை. வீட்டுச் சொந்தக்காரரின் பேரன் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே அந்த வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுவது என்று முடிவெடுத்தான். தை முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். செவந்தியின் தம்பி ரெங்கராஜுக்குப் பொன்னமராவதியில் ஒரு ஹார்டுவேர் கடையில் லோடு ஆட்டோ ஓட்டும் வேலை. தினமும் அலைவதற்குப் பதில் அங்கேயே போய்விடலாம் என்று பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்தான். ஒரு ஹால், ரெண்டு ரூம், வாசலில் மூன்று படி. வாடகை முன்னதைப்போல இரண்டு மடங்கு. படிகளைப் பற்றி யோசித்தவள் செவந்தி மட்டும்தான். அவளும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் ஐந்து பேர். ரெங்கராஜ், அவன் மனைவி ராஜலட்சுமி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், செவந்தி. காலையில் செவந்தியைக் கட்டிலிலிருந்து தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோவது, குளிக்க உட்காரவைப்பது, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிடுவது எல்லாம் ராஜலட்சுமி. பதினான்கு வருடமாகச் செய்கிறாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாகப் போயிருக்கும். கெட்டவள் இல்லை, இடுப்புவலிக்காரி.

மாதம் பிறந்து பணம் வந்ததும் செவந்தி தன் மாத்திரைக்கும் வண்டி டயருக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ராஜலட்சுமி கையில் கொடுத்துவிடுவாள். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அது வந்துகொண்டிருக்கும்வரை செவந்தி அந்த வீட்டில் ஓர் ஆள். வராவிட்டால் அவள் அந்த வீட்டில் ஒரு வேலை. இது செவந்திக்கும் ராஜலட்சுமிக்கும் தெரியும். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

சரி, வீடு மாறிய கதை. புது வீடு அமைந்தது கார்த்திகைக் கடைசியில். சாமான்களைக் கட்டுவதற்குள் மார்கழி வந்துவிடும். மார்கழியில் வீடு மாறுவதைவிட நடுரோட்டில் படுத்துக்கொள்ளலாம் என்பது நம் பக்கத்துச் சட்டம். இந்தச் சட்டத்துக்கு நம் ஆட்களே கண்டுபிடித்துவைத்த ஒரு பின்வாசலும் உண்டு. மார்கழி பிறக்கும் முன்பே ஒரு நல்ல நாளில் புது வீட்டுக்குப் போய், பால் காய்ச்சி, ஒரு குடம் தண்ணீரும் உப்பும் மஞ்சளும் சாமி படமும் வைத்துவிட்டால் குடிபோய்விட்டதாகக் கணக்கு. பிறகு பூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்கே திரும்பி வந்து தையில் ஆற அமர சாமான்களை ஏற்றலாம். மார்கழி ஏமாந்துபோகும். பல தலைமுறையாக ஏமாந்துகொண்டிருக்கிறது, ஒரு வருடம்கூட விழித்துக்கொண்டதில்லை.

அப்படித்தான் கார்த்திகை இருபத்தைந்து, வியாழக்கிழமை, லோடு ஆட்டோவில் எல்லோரும் போனார்கள். செவந்தியை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு, பால் பொங்கிய பிறகு உள்ளே தூக்கிப்போனார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பால் நன்றாகத்தான் பொங்கியது.

மார்கழி முழுக்கப் பழைய வீட்டில்தான் இருந்தார்கள். அந்த மார்கழியில், டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, கிராம நிர்வாக அலுவலர் சந்தோஷ்குமார் பைக்கில் வந்தார். உதவித்தொகை வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, இருக்கிற இடத்தில் இருக்கிறார்களா என்று பார்க்கும் ஆண்டு விசாரணை. இருபத்தாறு வயசுப் பையன், மரியாதைக்காரர். வாசலில் செவந்தியை வைத்துப் போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, "மேற்படி முகவரியில் வசிக்கிறார்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, ராஜலட்சுமி கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். தை எட்டாம் தேதி சாமான்கள் போயின, ஆட்களும் போனார்கள்.

இனி, உதவித்தொகைகளைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர் ரகுநாத் அவர்கள் வருகிறார். எழுந்து நிற்க முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம்.

அவர் எந்தத் தாலுகாவுக்குத் தனி வட்டாட்சியர் என்பதைச் சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற தாலுகாக்கள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும். தைக் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்பு முகாம் நடந்தது. செவந்தியின் அட்டை பழைய ஊரில் இருந்ததால் அவளுக்கு அங்கேதான் முகாம். வண்டிக்கு ஒரு புது டயர் தருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தாள். டயர் தரவில்லை, உரை தந்தார்கள்.

"முகவரி என்பது கதவில் ஒட்டிய எண் அல்ல" என்றார் ரகுநாத். "அது ஒரு குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள புனிதமான உறவு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அரசுக்குத் தெரியாவிட்டால், அரசு எப்படி உங்களைத் தேடி வரும்?"

கைதட்டலுக்கு நிறுத்தினார். கூட்டத்தில் பலர் தாங்குகட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கைதட்டல் குறைந்ததாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், உற்சாகம் குறையாமல் தொடர்ந்தார். முகவரி மாறியவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க வேண்டும். மறைத்தவர்கள் கண்டுபிடிக்கப்பட்டால் பெயர் நீக்கப்படும். அடுத்த விசாரணையில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எவர் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

பெயர் நீக்கப்படும் என்பது மட்டும் செவந்தியின் காதுக்குள்ளேயே நின்றது.

பழைய ஊரில் கைரேகை மிஷினோடு வந்து பணம் எடுத்துக் கொடுக்கும் பொன்னுத்தாயைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டாள்.

"சொல்லாத செவந்தி" என்றாள் பொன்னுத்தாய். "எங்கிட்டுப் போனாலும் ஒனக்குப் பெருவெரல் ஒன்னுதான. அங்க ஒரு மிஷின்காரி இருப்பா, அவகிட்ட வச்சு எடு. நீயாப் போயி வாயக் கொடுக்காத."

"அடுத்த வெசாரணையில ஆளு இல்லைன்னா பேர அடிச்சிருவாங்களாம்க்கா."

"அது அடுத்த வருசம். இப்ப ஏன் போயி நீயே தலைய நீட்டுற?"

நாட்டில் மிகவும் பொறுப்பான ஆலோசனை இதுதான். செவந்தி கேட்கவில்லை. சட்டப்படி நடந்துகொண்டால் சட்டம் நம்மை விட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, "மனு நிபுணர் பிச்சைமுத்து" என்ற பலகை. தன் மனுவைப் படித்து மூன்று கலெக்டர்கள் கண்கலங்கியதாக அவரே சொல்லுவார். ரெங்கராஜ் அக்காவைக் கொண்டுபோய் அவர் முன்னால் உட்காரவைத்தான்.

"முகவரி மாற்றமா. சின்ன விசயம்" என்று பேனாவை உதறினார். "ஆனா சின்ன விசயத்தச் சின்னதா எழுதுனா எவனும் படிக்க மாட்டான். எப்பங்க குடிபோனீங்க?"

"கார்த்திகை இருவத்தஞ்சு."

"இங்கிலீஷ் தேதி சொல்லுங்க."

ரெங்கராஜ் போனில் பார்த்தான். "டிசம்பர் பதினொன்னு. வியாழக்கெழம."

"பலே" என்று எழுதிக்கொண்டார்.

அன்றே சாமான்கள் போயினவா, அன்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று பிச்சைமுத்து கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றாது. அவருடைய மகள் துபாயிலிருந்து வந்து பால் காய்ச்சிவிட்டுப் போன வீடு மூன்று வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது. அவரைப் பொறுத்தவரை மகள் அதில் குடியிருக்கிறாள். அவர் எழுதிய மனு இப்படித் தொடங்கியது: "கால்களிரண்டும் செயலிழந்த நிலையிலும் நேர்மையில் நிமிர்ந்து நிற்கும் மனுதாரராகிய நான், கடந்த 11.12 அன்று முதல் பழைய முகவரியை அறவே துறந்து புதிய முகவரியில் நிரந்தரமாகக் குடியேறி வசித்து வருகிறேன் என்பதைத் தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"அறவே துறந்துன்னு இருக்கே" என்றாள் செவந்தி.

"அதுதாம்மா பவர்."

செவந்தி கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் வகுப்புவரை தோளில் தூக்கிப்போய்ப் படிக்கவைத்த கையெழுத்து, அழகாக இருக்கும்.

ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மனுவின் தேதியை அடித்தாள். கம்ப்யூட்டருக்கு மார்கழி தெரியாது. டிசம்பர் பதினொன்றில் பழைய முகவரியை அறவே துறந்தவள், டிசம்பர் இருபத்தொன்பதில் அதே பழைய முகவரியின் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அடுத்த மாதம் பணம் வரவில்லை.

முதலில் போன் செய்தது சந்தோஷ்குமார்.

"அக்கா, என்னக்கா இப்படி எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"உள்ளதத்தான தம்பி எழுதுனோம்."

"இருபத்தொம்பதாம் தேதி நான் வந்தேன்ல. காப்பியெல்லாம் குடுத்தீங்க."

"ஆமா. சீனி கம்மியாப் போடச் சொன்னீங்க."

"அப்ப நீங்க எந்த வீட்டுலக்கா இருந்தீங்க?"

"நம்ம வீட்டுலதான். பழைய வீட்டுல."

"அப்ப பதினொன்னாந் தேதி என்ன பண்ணுனீங்க?"

"குடிபோனோம்."

"போயிட்டு?"

"திரும்பி வந்தோம். ராத்திரிக்குச் சோறு ஆக்கணும்ல."

சந்தோஷ்குமாருக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? புரிந்ததை டிக் அடிக்க அந்தத் திரையில் கட்டம் இல்லை. "எனக்கு இன்னும் புரொபேஷன் முடியலக்கா" என்றார். "நான் வராமலேயே வந்ததா எழுதிட்டேன்னு மெமோ குடுத்திருக்காங்க. தேதியத் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு லெட்டர் நீங்க எழுதிக் குடுத்தா ரெண்டு பேரும் தப்பிச்சிரலாம்."

அதற்கு முன்னால் ரகுநாத் அய்யாவையே நேரில் பார்த்துவிடலாம் என்றான் ரெங்கராஜ். ஒரு நாள் லீவு போட்டான்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் உண்டு. திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி நவின்றவர் எல்லாருடைய பெயரும் கருங்கல்லில் வெட்டியிருக்கிறது. சாய்தளம் கம்பீரமாக மேலேறி, ஜெனரேட்டர் பூட்டிவைத்திருக்கும் கம்பிக் கதவில் போய் முட்டுகிறது. ரெங்கராஜ் அக்காவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் படிகளில் ஏறினான்.

ரகுநாத் நல்ல மனநிலையில் இருந்தார். மேஜையில் லட்டு டப்பா. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். செவந்திக்கும் ஒன்று நீட்டினார். மடியில் வைத்துக்கொண்டாள்.

கோப்பைப் புரட்டினார். "பதினொன்னாம் தேதியே போயிட்டீங்க. ஆனா அதுக்கு அப்புறம் பழைய முகவரியில இருக்கிற மாதிரி கைரேகை வச்சிருக்கீங்க. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? அரசைத் தவறாக வழிநடத்துதல்."

"சார், அன்னைக்குப் பால் மட்டுந்தான் காய்ச்சினோம்" என்றான் ரெங்கராஜ். "மார்கழி வந்துருச்சில்ல. தையிலதான் போனோம்."

"நீங்க எழுத்துல என்ன குடுத்திருக்கீங்க? குடியேறி வசித்து வருகிறேன்."

"பால் காய்ச்சுனாக் குடிபோனதுதான சார்."

"யார் சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று ரெங்கராஜ் ஒரு நாளும் யோசித்ததில்லை. செவந்தி மடியிலிருந்த லட்டைப் பார்த்தாள். "இது என்ன விசேசம் சார்?" என்று கேட்டாள்.

ரகுநாத்தின் முகம் மலர்ந்தது. "புதுமனை புகுவிழா. புதுக்கோட்டையில வீடு கட்டியிருக்கேன். போன வியாழன் குடிபோயாச்சு."

"நல்லா இருங்க சார். அங்கேருந்தா தெனம் வாரீங்க?"

"இல்லைம்மா, டைல்ஸ் வேலை பாக்கி. ரெண்டு மாசம் ஆகும். இப்போதைக்கு குவார்ட்டர்ஸ்லதான்."

மூலையில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் திடீரென்று ஒரு கட்டை மிக நுணுக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். செவந்தி கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் ரகுநாத்துக்குத் தாங்கவில்லை.

"அது வேற, இது வேற" என்றார். "அது சடங்கு. இது ஆவணம்."

"எங்களதும் சடங்குதான சார்" என்றான் ரெங்கராஜ்.

"உங்களது எழுத்துல வந்துருச்சே. எழுத்துல வந்துட்டா அது ஆவணம்." டப்பாவை மூடி மேஜைக்கு உள்ளே வைத்தார். "தேதியைத் தவறாகச் சொன்னேன்னு ஒரு வாக்குமூலம் குடுங்க. தல விசாரணைக்கு அனுப்புறேன். அறிக்கை வரட்டும். எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட விரோதம் கிடையாது."

வாக்குமூலம் எழுதப் பிச்சைமுத்துவிடம் போனார்கள். முன்பு எழுதியது தன்னுடைய தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை பாதிக் கட்டணம் வாங்கினார். "அறியாமை இருளில் மூழ்கியிருந்த நான் தவறான தகவலை அளித்துவிட்டேன் என்பதை மனசாட்சியின்படி ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினார். மனுவில் இருந்ததைவிட இதில் பவர் அதிகம்.

தல விசாரணை என்றால், பிரச்சினைக்குரிய இடத்தில் பயனாளியை வைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். பிரச்சினைக்குரிய இடம் மேலஊருணிப்பட்டி. பங்குனி வெயிலில் ரெங்கராஜ் லோடு ஆட்டோவின் பின்னால், சிமெண்ட் மூட்டைகளுக்கு இடையில் அக்காவை உட்காரவைத்துக் கொண்டுபோனான். இறங்கிப் பார்த்தால் வீடு இல்லை. சிங்கப்பூர்ப் பேரன் சொன்ன சொல் தவறாதவன். ஓடு, சுவர், கதவு ஒன்றும் மிச்சமில்லை, நடுவில் ஜேசிபி மட்டும் நின்றது.

சந்தோஷ்குமார் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எங்கக்கா உக்கார வைக்கிறது?"

"வாசல் இங்கிட்டு இருந்துச்சு தம்பி" என்று செவந்தி கையைக் காட்டினாள். "அந்தா, அந்தக் கல்லுக்கிட்ட."

கல்லுக்குப் பக்கத்தில் அவளை இறக்கி உட்காரவைத்தார்கள். முதல் போட்டோவில் ஜேசிபி விழுந்துவிட்டது. டிரைவர் நல்ல மனுஷன், வண்டியை நகர்த்திக் கொடுத்தார். இரண்டாவது போட்டோ சரியாக வந்தது. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டோவின் அடியிலேயே அச்சாகி வந்தன. மேலே வெறும் செம்மண், நடுவில் செவந்தி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"உள்ளத எழுதுங்க தம்பி" என்றாள்.

சந்தோஷ்குமார் உள்ளதைத்தான் எழுதினார். மேற்படி கதவு எண்ணில் கட்டடம் எதுவும் இல்லை என்று எழுதினார். அதற்கு மேல் எழுதினால் தன் மெமோவுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மேலே இருந்தவர்கள் யோசித்தார்கள். இல்லாத வீட்டில் ஒருத்தி எப்படி வசித்திருக்க முடியும்? டிசம்பரில் மட்டுமா, அதற்கு முன்பும் வசித்தாளா என்ன?

புதிய முகவரிக்குரிய தாலுகாவில் புதிதாக மனுப் போடலாமே என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரெங்கராஜ் அங்கேயும் போனான். அங்கே மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். உங்கள் அக்காவின் பெயர் பழைய தாலுகாவில் உயிரோடு இருக்கிறது, அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். நீக்கிய பிறகும் இங்கே ஏற்கெனவே வாங்குகிறவர்களில் யாராவது இறந்து இடம் காலியானால்தான் புதியவர். வரிசையில் முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். தேர்தல் வேறு வருகிறது, அது முடியும்வரை எதுவும் கேட்காதீர்கள்.

"யாரு எறந்தா யாருக்குன்னு லிஸ்ட் இருக்கா சார்?" என்று ரெங்கராஜ் கேட்டான்.

"சீனியாரிட்டிதாங்க."

பணம் நின்ற மூன்றாவது மாதம் ராஜலட்சுமி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தையல் கம்பெனி. காலை ஏழரைக்கு வேன் வரும், திரும்ப ஆறரை ஆகும். இரட்டிப்பு வாடகையை ஒருத்தன் சம்பளம் தாங்கவில்லை. செவந்தியால்தான் என்று அவள் சொல்லவில்லை. ஏழு மணிக்கே செவந்தியைக் குளிக்கவைத்துக் கட்டிலில் விட்டுவிட்டு, எட்டும் தூரத்தில் சோற்றையும் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போவாள். வாசலில் மூன்று படி. வண்டி வெளியே நின்றது.

செவந்தி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். தூக்கிப்போக ஆறரை மணிவரை ஆள் கிடையாது. வைத்துவிட்டுப் போன சொம்பு சாயங்காலம் அப்படியே இருப்பதை ராஜலட்சுமி இரண்டு நாள் கவனித்தாள்.

"தண்ணியக் குடிங்க மதினி" என்றாள். "வெயிலு இந்தப் போடு போடுது."

"தாகம் இல்ல ராஜி."

"எனக்குத் தெரியாதாக்கும்."

மூன்றாம் நாள் ராஜலட்சுமி சொம்பைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பெனியில ஒரு பிள்ளை சொன்னா" என்றாள். "புதுக்கோட்டையில ஒரு இல்லம் இருக்காம். பகல்லயும் ஆள் இருப்பாங்களாம். பொம்பளைகதான் பாத்துக்குவாங்களாம். நான் அனுப்புறேன்னு சொல்லல மதினி. சும்மா சொல்றேன்."

"பணம் வந்துருச்சுன்னா?"

"வந்துருச்சுன்னா நான் ஏன் வேலைக்குப் போறேன்? எனக்கு மட்டும் ஆசையா?"

"அப்ப ஆடர் வரட்டும்" என்றாள் செவந்தி. ராஜலட்சுமியும் தலையாட்டினாள். இரண்டு பேரும் முதல் தடவையாக அந்தப் பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசியிருந்தார்கள். பேசி முடித்ததும் இரண்டு பேருக்கும் செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ராஜலட்சுமி எழுந்து துணியை மடித்தாள்.

ஆணை வந்தே விட்டது. பழைய முகவரிக்கு வந்தது. புதிய முகவரி இன்னும் பதிவில் ஏற்றுக்கொள்ளப்படாததால் பழைய முகவரிக்குத்தான் அனுப்ப முடியும் என்பது விதி. ஜேசிபிக்குத் தபாலை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் இல்லாததால் அது ஊரைச் சுற்றிவிட்டு சந்தோஷ்குமாரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார். கூடவே கும்பிடுகிற கை ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ரெங்கராஜ் போனில் அதைப் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் படித்தான்.

நான்கு பக்கம். பார்வை ஒன்று முதல் பதினொன்றுவரை. பயனாளியின் மனுவும் பயனாளியின் வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. பயனாளி தவறான தகவல் அளித்ததை மனசாட்சியின்படி தாமே ஒப்புக்கொண்டுள்ளார். தல விசாரணையில் மேற்படி முகவரியில் கட்டடம் ஏதும் காணப்படவில்லை. எனவே உதவித்தொகை நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது. ஆயினும், பயனாளி முகவரி மாற்றத்தைத் தாமாக முன்வந்து தெரிவித்த நேர்மையைக் கருத்தில்கொண்டு, இதுவரை பெற்ற தொகையைத் திரும்ப வசூலிக்கும் நடவடிக்கை மனிதாபிமான அடிப்படையில் கைவிடப்படுகிறது. இவ்வாணையின் மீது முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் ராஜலட்சுமி.

ரெங்கராஜ் விரலால் தள்ளித் தள்ளி முதல் பக்கத்துக்குப் போனான். ஆணை எழுதி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

"அந்த மனிதாபிமானத்த இன்னொரு தடவ படி" என்றாள் செவந்தி.

படித்தான். நிறுத்தி, உச்சரிப்புச் சுத்தமாகப் படித்தான். சின்னவள் நடுவில் வந்து டிவி போடலாமா என்று கேட்டாள். போடு என்றார்கள். ராஜலட்சுமி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு ஆள் இருந்ததால் செவந்தி முழுதாகக் குடித்தாள்.

புதன்கிழமை ரெங்கராஜ் லீவு போட்டு அவளைப் புதுக்கோட்டை இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்தான்.